பூ பக்கத்தில் இருக்க வேண்டும்

தென்பிரான்சில், கிராஸ் நகரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் மலையேறினால் கப்ரி என்ற சின்ன ஊர் வரும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 550 மீட்டர். ஊர் விளிம்பில் நின்று பார்த்தால் ஆலிவ் தோப்புகள் படிப்படியாக இறங்கிப் போகும். அதற்கப்பால் மத்தியதரைக் கடல். முதுகுப்பக்கம் ஆல்ப்ஸின் முன்மலைகள் வடக்குக் குளிர்காற்றை மறித்து நிற்கும். கடந்த நூற்றாண்டின் பெரிய வாசனைக் கலைஞர்களில் இருவர், எத்மோன் ரூட்னிட்ஸ்காவும் ழான்-க்ளோத் எலெனாவும், வேலை செய்ய இந்த ஊரைத்தான் தேர்ந்தார்கள். காசும் விளம்பரமும் பாரிஸில் இருந்தன. மூக்கு இங்கே இருந்தது. இந்த மலைச்சரிவில் வாழ்ந்திராவிட்டால் அவர்களுடைய சிறந்த வாசனைகள் பிறந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

கிராஸ் முதலில் தோல் பதனிடும் ஊர். தோல் நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு மணமூட்டினார்கள். காலப்போக்கில் கையுறை போய் மணம் மட்டும் தங்கிவிட்டது. சியாஞ் ஆற்றின் தண்ணீர் கால்வாய் வழியே வந்த பிறகு சரிவெல்லாம் பூக்காடானது. அங்கே விளைபவற்றில் பல நமக்குச் சொந்தக்காரர்கள்தான். கிராஸ் மல்லிகை என்று உலகம் கொண்டாடுவது நம் பிச்சிப்பூ. அவர்கள் ட்யூபரோஸ் என்பது நம் சம்பங்கி. மே மாதத்தில் சில வாரங்களே பூக்கும் நூறிதழ் ரோஜா மட்டும் அந்த மண்ணின் தனிச்செல்லம்.

பிச்சியை அங்கே வளர்ப்பதே ஒரு தவம். நம் ஊர் வெயிலில் கேட்பாரற்றுப் படரும் கொடி, அந்தக் குளிரில் தாங்காது. அதனால் குளிரைப் பொறுக்கும் இன்னொரு மல்லிகை இனத்தின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டுகிறார்கள். குளிர்காலத்துக்கு முன் செடியின் அடியில் மண்ணை அணைத்து மூடுகிறார்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, விடியும் நேரத்தில் கையால் பறிப்பு. ஒரு கிலோ சேர எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பூ வேண்டும். பிச்சியின் விசேஷம், பறித்த பிறகும் அது மணத்தைச் சுரந்துகொண்டே இருப்பது. அந்தக் கடைசி மூச்சையும் பிடிக்கத்தான் அன்று கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன் மேல் பூவைப் பரப்பி, மறுநாள் வாடியதை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்தார்கள். கொழுப்பு மணத்தால் நிறையும்வரை இது நடக்கும். இன்று ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவைக் கழுவி, மெழுகுபோன்ற திரளை எடுத்து, அதிலிருந்து ஆல்கஹாலால் சாரத்தைப் பிரிக்கிறார்கள். வேலை வேகமானது. சாரம் நல்ல சாரம்தான். ஆனால் ஒரு மாலைப்பொழுதில் அவிழ்ந்துகொண்டிருக்கும் பிச்சிக்கும் அந்தச் சாரத்துக்கும் உள்ள தூரம் பெரிது. சாரத்தில் கனம் இருக்கிறது, காற்று இல்லை.

அந்தக் காற்றைத் தேடியவர் ரூட்னிட்ஸ்கா. 1905இல் நீஸில் பிறந்தவர், 1940களின் இறுதியில் கப்ரிக்குக் குடிவந்து வீட்டோடு ஆய்வுக்கூடமும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். அவர் தோட்டத்தில் வளர்த்த பூக்களில் ஒன்று முகே. அகன்ற பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு காம்பில் வரிசையாகத் தொங்கும் வெள்ளை மணிகள். மே முதல் நாளன்று பிரெஞ்சுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பூ. ஆடைக் கலைஞர் கிறிஸ்தியான் தியோருக்கு அது ராசியான பூவும்கூட. இந்தப் பூ தன் மணத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. கொதிக்க வைத்தாலும் கரைப்பானில் போட்டாலும் பயன்படும் எண்ணெய் கிடைக்காது. வாசனைத் தொழிலில் இதை ஊமைப்பூ என்பார்கள்.

ஆகவே புட்டியில் அடைத்த முகே என்று எதுவும் அவர் மேசையில் இருக்க வழியில்லை. தோட்டத்துக்குப் போய், தரையோடு குனிந்து, முகர்ந்து, திரும்பி வந்து, ஹைட்ராக்ஸிசிட்ரோனெலால் என்ற செயற்கை மணப்பொருள் முதலானவற்றை அளந்து கலந்து, மறுபடி தோட்டத்துக்குப் போக வேண்டும். 1956இல் தியோரின் பெயரில் வந்த ‘தியோரிசிமோ’ இப்படிப் பிறந்தது. அதில் பூ மட்டும் இல்லை. காம்பின் ஈரம் இருக்கிறது, இலையை நசுக்கிய பச்சை இருக்கிறது, பூவுக்கு அடியில் கிடக்கும் நிழல் மண்ணின் லேசான அழுக்கும் இருக்கிறது. அந்த அழுக்குதான் எனக்கு இந்தப் படைப்பின் உச்சம். பூவின் அழகை மட்டும் எடுத்திருந்தால் அது சோப்பு மணமாக நின்றிருக்கும். செடி நின்ற இடத்தையும் சேர்த்து எடுத்ததால் உயிர் வந்தது. ஒவ்வாமைக் கட்டுப்பாடுகளால் ஹைட்ராக்ஸிசிட்ரோனெலாலின் அளவைப் பிற்காலத்தில் குறைக்க வேண்டியதாயிற்று. இன்று கடையில் வாங்கும் தியோரிசிமோ பழையதின் மெலிந்த உருவம். பழைய புட்டி எங்காவது கையில் கிட்டினால் ஒரு துளியையாவது முகர்ந்து பாருங்கள்.

பத்தாண்டு கழித்து, 1966இல், அதே மலையிலிருந்து ‘ஓ சோவாஜ்’ வந்தது. பிச்சிச் சாரத்தை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கண்டெடுத்த ஹெடியோன் என்ற பொருளை அதில் ரூட்னிட்ஸ்கா துணிந்து கையாண்டார். நான் சொன்ன அந்தக் காற்று, ஹெடியோனில் இருக்கிறது. எலுமிச்சையின் கூர்மைக்குப் பின்னால் ஜன்னல் திறந்ததுபோல ஒரு வெளி விரியும். இவை தவிர மனைவி தெரேஸுக்கென்றே ஒரு வாசனை செய்திருந்தார். பல பத்தாண்டுகள் அவர் ஒருவர் மட்டுமே அணிந்தது அது. ரூட்னிட்ஸ்கா 1996இல் மறைந்த பிறகு, 2000இல், வாசனைப் பதிப்பாளர் ஃப்ரெதெரிக் மால் வெளியிட்டபோதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டியது.

கப்ரியிலிருந்து தெற்கே தன்ரோன் குன்றுகள் தெரியும். குளிர்காலக் கடைசியில் ஒரு மரத்தின் பூவால் அவை முழுக்க மஞ்சளாகிவிடும். அங்கே அந்த மரத்துக்கு மிமோசா என்று பெயர். பக்கத்து ஊர் மாந்தலியூவில் பிப்ரவரியில் அதற்கென்று விழாவே எடுக்கிறார்கள். தூள் பறக்கும், தேனும் பாதாமும் கலந்த மென்மணம். இந்த மரம் உதகைக்காரர்களுக்கும் கொடைக்கானல்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும்: சீகை மரம். இரண்டு இடத்துக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். நம் மலைகளில் அது புல்வெளிகளை விழுங்கி, சோலைக்கும் ஓடைக்கும் கேடாகிவிட்டது, அகற்றப் போராடிக்கொண்டிருக்கிறோம். தன்ரோனிலும் அது கட்டுமீறிப் பரவுகிறது என்ற கவலை உண்டு. மணத்தை ரசிப்பவன் அந்த மணம் எந்த நிலத்தின் செலவில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கிராஸின் பூநிலங்களோ சுருங்கிவிட்டன. கடற்கரைச் செல்வர்களின் வீடுகள் மலையேறி வர, நிலத்தின் விலை பூவின் விலையைத் தாண்டியது. பறிப்புக் கூலி குறைந்த நாடுகளுக்குப் பயிர் நகர்ந்தது. இன்று உலக வாசனைத் தொழிலுக்குப் பிச்சிச் சாரம் தரும் முக்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. கிராஸுக்கு அருகே பெகோமாவில் ஷனேல் நிறுவனத்துக்காக 1987 முதல் பயிர் செய்யும் மூல் குடும்பத்தைப் போல ஒருசிலர் அங்கே தாக்குப்பிடிக்கிறார்கள். 2018இல் யுனெஸ்கோ கிராஸ் வட்டாரத்தின் வாசனைக் கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபாக ஏற்றபோது, பூச்செடி வளர்ப்பையும் அந்தக் கலையின் ஒரு பகுதியாகவே சேர்த்தது. அது மிகச் சரியான முடிவு.

எலெனா அந்த மண்ணிலேயே, 1947இல், பிறந்தவர். 2004இல் எர்மேஸ் நிறுவனத்தின் வாசனைக் கலைஞரானபோதும் பாரிஸுக்குப் போகாமல் கப்ரியில் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். மறு ஆண்டு வெளிவந்த ‘நைல்மேல் ஒரு தோட்டம்’ என்ற வாசனைக்காக எகிப்தின் அஸ்வானுக்குப் போனார். தாமரையும் மல்லிகையும் கிடைக்கும் ஊரில் அவர் மூக்கு பிடித்துக்கொண்டது, வழியோரம் தொங்கிய பச்சை மாங்காயை. கப்ரிக்குத் திரும்பி, மாங்காய்ச் சாறு துளியும் இல்லாமல், வேறு பொருட்களை அடுக்கி அந்த மாங்காயைத் தோன்ற வைத்தார். முகேக்கு முன்னால் ரூட்னிட்ஸ்கா செய்த அதே காரியம். மாங்காய் தெரிந்த தமிழ் மூக்கோடு அதை முகர்ந்து சொல்கிறேன்: சதையின் புளிப்பு அதில் குறைவு. காம்பைக் கிள்ளும்போது கசியும் பாலின் மணத்தை மட்டும் அச்சாகப் பிடித்திருக்கிறார்.