அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் பச்சை வந்தா போதுமா?

வீல் அலைன்மென்ட் முடிஞ்சதும் ஒரு ரிப்போர்ட் தருவாங்க. எண்ணெல்லாம் பச்சையில் இருந்தால் வண்டி சரின்னு கிளம்பிடுவோம். எங்க திசையன்விளைப் பக்கம் ஓடும் சாதாரணக் கார்களுக்கு அது பெரும்பாலும் போதும். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்குப் போதாது.

பச்சை என்பதற்கு 'கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருக்கு' என்று மட்டுமே அர்த்தம். சாப்ட்வேரில் டெஸ்ட் பாஸ் ஆவது மாதிரி: எதைச் சோதிச்சோமோ அது மட்டும் சரி.

ஒரு கணக்கு. 1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோ. 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் எடை பத்து சதவீதம் கூடுது, அதுவும் ஒரு பக்கமாக. 1,500 கிலோ எஸ்யூவிக்கு அதே ஆள் ஐந்து சதவீதம்தான். ஆள் ஏறினதும் சஸ்பென்ஷன் இறங்கும். சக்கரத்தின் சாய்வான கேம்பரும், முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பும் டோவும் மாறும். காலி வண்டியில் எடுத்த எண், ஓட்டும்போது இருக்கும் எண் கிடையாது.

ரிப்போர்ட்டில் வராத இன்னொன்று, நாலு சக்கரமும் தாங்கும் பாரம். கட்டிலில் ஒரு கால் குட்டையானால் குறுக்கு மூலைக் கால் இரண்டுதான் பாரத்தைச் சுமக்கும். ஒரு மூலை ஸ்பிரிங் உயரம் தப்பினாலும் அதே கதை. இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேற மாதிரி திரும்பும். பிரேக் அழுத்தினால் பாரம் குறைந்த சக்கரம் முதலில் பூட்டிக்கும். இதை அலைன்மென்ட் கேமரா பார்க்காது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு தராசு வேணும்.

கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே இன்ஜின் என்றால், ஓட்டுபவர் திறமைக்கு அடுத்தபடி வித்தியாசம் செட்டிங்கில்தான். ரேஸ் டீம்கள் இன்றைக்கும் கொத்தனார் மாதிரி நூல் பிடித்து டோ பார்ப்பதுண்டு. கருவி எளிசு, வரிசைதான் முக்கியம்: டயர் காற்று, சீட்டில் ஓட்டுநர் எடை, வண்டி உயரம், மூலைப் பாரம், காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ கலையும் என்பதால் டோவை முதலில் வைப்பது வீண் வேலை.

மெஷின் துல்லியமாத்தான் அளக்குது. எந்த நிலையில் அளந்தோம் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்க: எத்தனை பிஎஸ்ஐ, எவ்வளவு உயரம், சீட்டில் எத்தனை கிலோ. அது இல்லாத பச்சையை நம்பி வளைவில் வேகம் எடுக்காதீங்க.