விடுபட்டவரின் கௌரவம்

பெரும் பிரயாணம் ஒன்றில் தமக்கும் இடமுண்டு என்று எண்ணியிருந்த ஒருவரை விலக்க நேரும்போது, அவர் மனம் ஆறும்பொருட்டு வேறொரு காரியத்தை ஒப்படைப்பது தலைவர்களிடம் நெடுங்காலமாய் இருந்துவரும் வழக்கம்; அதன் குணத்தையும் குறையையும் ஒருங்கே காண, 1911-இல் தென்துருவத்தை நாடிய ரோவால் அமுண்ட்செனின் நார்வேக் குழுவைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

குளிர் தணியுமுன் புறப்படலாகாது என்று குழுவின் அனுபவசாலியான யால்மர் யோஹான்சென் எச்சரித்தும் கேளாமல், செப்டம்பர் 8-ஆம் தேதி எண்மர் புறப்பட்டனர். கடுங்குளிர் தாங்காமல் திரும்பிய வேளையில், தலைவர் முன்னே விரைந்துவிட, உணவும் எரிபொருளும் இன்றிப் பின்தங்கிய சக உறுப்பினர் பிரெஸ்ட்ரூடை உடனிருந்து காத்து, நள்ளிரவு கடந்து முகாம் சேர்த்தவர் யோஹான்செனே. மறுநாள் காலை அவர் எல்லோர் முன்னிலையிலும் தலைவரைக் கண்டித்தார். துருவக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அண்டார்க்டிகாவின் ஏழாம் எட்வர்டு மன்னர் நிலத்தை ஆராயச் செல்லும் மூவருள் ஒருவராக, தாம் காப்பாற்றிய பிரெஸ்ட்ரூடின் கீழேயே நியமிக்கப்பட்டார்.

அமுண்ட்சென் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. ஒன்பது பேர் மட்டுமே ஒரே கூரையின்கீழ் வாழும் பனிவெளியில் தலைமைக்கு எதிரான பிளவு எல்லோர் உயிருக்கும் ஆபத்து. அன்றியும், எண்மருக்கென்று சேமித்த உணவு, இறுதியில் துருவம் சென்ற ஐவருக்குத் தாராளமாயிற்று; அதே பருவத்தில் துருவத்தை நாடிய பிரிட்டிஷ் குழுத் தலைவர் ஸ்காட், நால்வருக்கென வகுத்த ஏற்பாட்டில் ஐந்தாமவரைச் சேர்த்து இடர்ப்பட்டார். மூவரின் பிரயாணமும் வெறும் கண்துடைப்பு அன்று. அந்நிலத்தில் முதன்முதல் கால்வைத்தவர்கள் அவர்களே.

ஆயினும், 1895-இல் நார்வே ஆய்வாளர் நான்செனுடன் வடக்கே 86 பாகையைக் கடந்து, அதுவரை மனிதர் எவரும் எட்டாத இடத்தை எட்டிய அனுபவசாலியை, துருவப் பிரதேசத்துக்குப் புதியவரான ஓர் இளையவரின் ஆணைக்கு உட்படுத்தியபோது, ஆறுதலாக வேண்டிய பணியே தண்டனையாக முடிந்தது. இடமில்லை என்பதைக் காரணம் அறிந்தால் மனிதன் பொறுத்துக்கொள்வான். சகாக்கள் நடுவே தன் தகுதி தாழ்த்தப்படுவதைப் பொறுப்பது எளிதன்று. அவரைத் தனித்து நடத்தும் பணி ஒன்றில் அமர்த்தியிருந்தால், தலைமையின் அதிகாரமும் குன்றியிராது, அவர் கௌரவமும் குலைந்திராது என்பதே என் துணிபு.

வெற்றியோடு கப்பல் ஹோபார்ட் சேர்ந்தபின், அங்கிருந்து யோஹான்சென் தனியே தாயகம் அனுப்பப்பட்டார். 1913 ஜனவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மதுவும் கடனும் அவரை முன்னரே வருத்தியிருந்தமையால், முழுப் பழியையும் அமுண்ட்சென்மேல் சுமத்துதல் நீதியாகாது. எனினும், பனிவெளியின் ஆபத்தைக் காட்டி அவரை விலக்கியதற்குச் சொல்லத்தக்க சமாதானம், ஆபத்தெல்லாம் நீங்கிய துறைமுகத்தில் அவரைப் பிரித்தனுப்பியதற்குப் பொருந்தாது.