நோட்டின் கடைசிப் பக்கம்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரிக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பி.எஸ்ஸி. கணிதம், முதலாண்டு. பொன்னாடை, குத்துவிளக்கு சம்பிரதாயங்கள் முடிந்ததும், துறையில் இருக்கும் ஒரு பேராசிரியை என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒரு கட்டு விடைத்தாளைக் காட்டினார். மாதத் தேர்வு. 'இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நிரூபி.' பத்து மார்க்.

'நாப்பத்திரண்டு பேர் எழுதியிருக்காங்க சார். முப்பத்தஞ்சு பேர் ஒரு வரியை விட்டுட்டாங்க. எல்லாரும் ஒரே வரியை!'

'காப்பியா?'

'இல்லீங்க சார், நான்தான் நின்னு பாத்துக்கிட்டேன். எல்லார்கிட்டயும் ஒரே கைடு. அதுல அந்த வரி அச்சாகலை.'

எந்த வரி என்று சொல்வதற்கு அந்த நிரூபணத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு நிமிஷம்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசான கிரேக்கச் சரக்கு.

இரண்டின் வர்க்கமூலத்தை ஒரு பின்னமாக எழுதமுடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின்னத்தை, 6/4-ஐ 3/2 ஆக்குவது போல, இனிமேல் முடியாது என்கிறவரை சுருக்கிவிடுங்கள். இப்போது வர்க்கப்படுத்தினால் மேல் எண்ணின் வர்க்கம், கீழ் எண்ணின் வர்க்கத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே மேல் எண் இரட்டைப்படை. இரட்டைப்படை எண்ணின் வர்க்கம் நாலால் வகுபடும். அதில் பாதி இரண்டாலாவது வகுபடும். ஆகவே கீழ் எண்ணும் இரட்டைப்படை. மேலும் கீழும் இரண்டால் வகுபட்டால் இன்னும் சுருக்கலாமே! சுருக்கமுடியாத பின்னம் என்றுதானே ஆரம்பித்தோம்? முரண்பாடு. ஆகவே அப்படி ஒரு பின்னமே கிடையாது. அவ்வளவுதான்.

கைடில் விட்டுப்போனது, 'சுருக்கிவிடுங்கள்' என்கிற வரி. அது இல்லாவிட்டால் கடைசியில் முரண்பாடே இல்லை. மேலும் கீழும் இரட்டைப்படை என்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே. கொலையே நடக்காமல் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனைக் கைது செய்வது போல. ஆனாலும் முப்பத்தைந்து பேரும் கடைசி வரியில் 'இது முரண்பாடு' என்று எழுதி, அடிக்கோடு போட்டு, அந்த மூன்று புள்ளி ஆகவே அடையாளத்தையும் (நம் ஆய்த எழுத்தேதான்) அழகாக வைத்திருந்தார்கள்.

'இதுல என் தப்பும் இருக்கு சார். முதல் எட்டு பேப்பருக்கு ஃபுல் மார்க் போட்டுட்டேன். ஒன்பதாவதுலதான் உறைச்சுது' என்றார். இதை ஒப்புக்கொண்ட அந்தம்மாவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பெண்ணாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். பலர் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவர்கள்தான். அதுவரை கணக்கு என்பது ஒரு விடை வரும் சமாசாரம். கல்லூரியில் முதன்முதலாக விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டு, 'ஏன்?' என்று கேட்கிறார்கள். இது வேறு விளையாட்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தெரிந்த விளையாட்டையே ஆடுகிறார்கள்: மனப்பாடம்.

கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து, 'நாலஞ்சு நம்பர் போட்டுப் பாத்து சரியா வந்தா போதாதா சார்? எதுக்கு நிரூபணம்?' என்றான். நல்ல கேள்வி. போர்டில் 41 என்று எழுதச் சொன்னேன். அதோடு 2 கூட்டு, 43. அதோடு 4 கூட்டு, 47. அப்புறம் 6, 8, 10... 53, 61, 71. எல்லாம் பகா எண்கள். 83, 97, 113, 131, 151. நீங்களும் ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஆய்லர் 1772-ல் கவனித்த வரிசை இது. நாலைந்து இல்லை, வரிசையாக நாற்பது எண்கள், 1601 வரை அத்தனையும் பகா எண். அடுத்ததாக 80 கூட்டினால் 1681. அது 41 தடவை 41. காலி! நாற்பது தடவை சரியாக வந்தது, நாற்பத்தோராவது தடவைக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. பையன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த வரிசைப் பெண் 1681-ஐ செல்போனில் 41-ஆல் வகுத்துச் சரிபார்த்தாள். என்னை நம்பாததில் எனக்கு சந்தோஷம்.

உடனே ஒருவர் 'ராமானுஜன் நிரூபணமா எழுதினார்?' என்பார். எழுந்தே விட்டார், அங்கிருந்த வேறொரு பேராசிரியர். நம் ஊரில் கணக்குப் பற்றிப் பேசினால் பத்தாவது நிமிஷத்தில் ராமானுஜன் வந்துவிடுவார்.

ராமானுஜன் கும்பகோணத்தில் பள்ளி வயதில் கையில் எடுத்த புத்தகம், கார் என்கிற லண்டன் டியூஷன் வாத்தியார் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துத் தொகுத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் தேற்றங்கள். நிரூபணம் இல்லை, அல்லது ஒரு வரிக் குறிப்பு. அந்தக்கால கைடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ராமானுஜன் அதை மனப்பாடம் செய்யவில்லை, ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் விலை என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த அழிந்த சிலேட்டுக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. நோட்டுகளில் உள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணம் சேர்த்து, புரூஸ் பெர்ன்ட் என்கிற அமெரிக்கர் 1985-லிருந்து 1998 வரை ஐந்து பெரிய வால்யூம்கள் வெளியிட வேண்டியிருந்தது. அந்த ராமானுஜனே 1913-ல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கை பற்றிச் சொன்னது தப்பாகப் போயிற்று. ஹார்டி பதில் கடிதத்தில் முதலில் கேட்டது நிரூபணங்களைத்தான். ராமானுஜன் விதிவிலக்கு. விதிவிலக்கைக் காட்டி மற்ற நாற்பத்திரண்டு பேருக்குப் பாடம் நடத்த முடியாது.

நம் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். ஏன் ஆறு, ஏன் ஐந்து? மூச். பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு பழத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வரவில்லை. (ஒரு பழம் பொய்த்தால் போதும், விதி அவுட். இதுவும் நிரூபண இயலின் பாடம்தான்.) இதனால் இந்தியர்களுக்கே 'ஏன்' பிடிக்காது என்று ஜல்லியடிக்க வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷை' எழுதினார். பெயரிலேயே யுக்தி, முடிவுகளோடு காரணங்களையும் சொல்கிற புத்தகம். அதுவும் சம்ஸ்கிருதத்தில் இல்லை, ஊர்ப் பாஷையான மலையாளத்தில்.

சரி, தப்பு எங்கே? கைடை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. கைடில் ஒரு வரிதான் போயிற்று. பெரிய, மரியாதையான பாடப்புத்தகங்களில் போனது அதைவிட அதிகம்.

தருமபுரி என்றால் தகடூர், அதியமான் ஊர். ஔவை, நெல்லிக்கனி எல்லாருக்கும் தெரியும். புறநானூற்றில் 95-வது பாட்டு அவ்வளவு பிரபலமில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறாள் ஔவை. அவன் பெருமையாக ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். மயில்பீலி அணிந்து, மாலை போட்டு, நெய் பூசி, பளபளவென்று காவலுக்குள் இருக்கின்றன. ஔவை, எங்கள் ஆள் ஆயுதமெல்லாம் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறாள். பாராட்டுவது போல ஒரு போடு.

நம் கணிதப் புத்தகங்கள் தொண்டைமானின் ஆயுதச் சாலை. நெய் பூசிய நிரூபணங்கள். முதல் வரியிலேயே எங்கிருந்தோ ஒரு எண்ணை எடுத்துக்கொள் என்பார்கள். அது பத்தாவது வரியில் கச்சிதமாகப் பொருந்தும். எடுத்தவருக்கு அது முதலிலேயே எப்படித் தெரியும்? தெரியாது. கடைசியிலிருந்து பின்னால் நடந்து, நாலு தடவை முட்டிக்கொண்டு, கண்டுபிடித்துக்கொண்டு வந்து முதல் வரியில் ஒட்டினார். முட்டிக்கொண்டதைப் புத்தகம் காட்டுவதில்லை. அதைப் படிக்கும் பாலக்கோட்டுப் பையன், நிரூபணம் என்பது மூளைக்காரர்களுக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானாக வரும், நமக்கு வரவில்லை, ஆகவே நாம் மக்கு என்று முடிவு கட்டுகிறான். இது அவனுடைய முதல் தப்பான நிரூபணம்.

இதில் 'கிளியர்லி' என்று ஒரு வார்த்தை வேறு. எங்கே அது வருகிறதோ அங்கே கிளியராக ஒன்றும் இருக்காது. பிள்ளைகளிடம் கேட்டேன், 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்றால் என்ன? வாயில் நுழைகிறது, அர்த்தம் வரவில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு அது மந்திரம் போலத்தான் இருக்கிறது. வேறு மாதிரி கேட்டேன். 'கபினியில நிறையத் தண்ணி திறந்துவிட்டா ஒகேனக்கல்ல பரிசலை நிறுத்திடுவாங்க. இன்னிக்குப் பரிசல் ஓடலை. அப்ப கபினி திறந்திருக்குன்னு அர்த்தமா?'

பெண்ணாகரம் பெண் ஒருத்தி பட்டென்று சொன்னாள்: 'இல்லீங்க சார், கே.ஆர்.எஸ்.லயும் திறந்திருக்கலாம். நடுவுல மழையே பெஞ்சிருக்கலாம்.'

ஒரு கூற்றுக்கும் அதன் மறுதலைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குத் தர்க்கம் தெரியும், அது தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது. நிரூபணத்தை முதலில் தமிழில், பேசுகிற மாதிரி 'ஏன்னா', 'அதனால' போட்டு எழுதவிட்டு, அப்புறம் இங்கிலீஷுக்குப் போனால் என்ன குறைந்துவிடும்?

பள்ளிப் பாடத்தைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தமிழ்நாட்டின் புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கணிதத் தொகுத்தறிதல் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பில் தர்க்கவியல் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் சுமையைக் குறைக்கிறோம் என்று பதினொன்றாம் வகுப்பிலிருந்து தொகுத்தறிதல் அத்தியாயத்தையே தூக்கிவிட்டது. எடை குறைக்க முதுகெலும்பை எடுத்த மாதிரி. ஆனால் இங்கும் அது பாடத்தில் இருக்கிறதே தவிர, 'இந்த நிரூபணத்தில் என்ன தப்பு?' என்று பரீட்சையில் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால்தானே படிப்பார்கள்.

டெக்சாஸில் ஆர்.எல்.மூர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தேற்றத்தை மட்டும் சொல்வார். புத்தகம் பார்க்கக்கூடாது, ஒருவரையொருவர் கேட்கக்கூடாது, நீயே நிரூபித்து வந்து போர்டில் எழுது, மற்றவர்கள் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். அந்த வகுப்பிலிருந்து பெரிய கணித மேதைகள் வந்தார்கள். (கறுப்பின மாணவர்களை வகுப்பில் சேர்க்க மறுத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேதைகளை அப்படியே முழுங்கிவிட முடியாது.) நாற்பது பேர் வகுப்பில், செமஸ்டருக்குள் சிலபஸ் முடிக்கும் அவசரத்தில், மூர் பாணி முழுசாக நடக்காது. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்? பேராசிரியையிடம் கேட்டேன். 'பார்க்கலாம் சார்' என்றார், நம்பிக்கையில்லாமல்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ. மறு தேர்வு வைத்திருக்கிறார். கைடில் இருக்கிற அதே நிரூபணத்தை, அந்த வரி இல்லாமலே கேள்வித்தாளில் அச்சடித்துக் கொடுத்து, 'இதில் என்ன இல்லை? இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்?' என்று கேட்டிருக்கிறார். நோட்டைப் பார்த்து எழுதலாம், கைடையும் பார்க்கலாம் என்று தாராளம் வேறு. ஒன்பது பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

போட்டோவில் இருந்தது பெண்ணாகரம் பெண்ணின் பேப்பர். மூன்று இடத்தில் எழுதி அடித்திருந்தாள். அடித்தலுக்கு நடுவில் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். கடைசியாக ஒரு வரி: '6/4-ல் மேலேயும் இரட்டைப்படை, கீழேயும் இரட்டைப்படை. அதனால் 6/4 இல்லாமல் போய்விடுமா?'

எத்தனை மார்க் போட்டீர்கள் என்று கேட்டு அனுப்பினேன்.

'ஒன்பது சார். "ஆகவே" எழுதலை.'