அட்டைப்படமாக மட்டும் நாம் கண்ட ஓவியம்

சென்ற வருடம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் நான் ஓர் ஓவியம் வாங்கினேன். அச்சடித்த படமல்ல, அசல் ஓவியம். ஊரெல்லாம் உடுப்புக் கடைகளில் நிற்கிற வாரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இப்படிச் செய்வது புத்தியுள்ள காரியமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொழும்பிலிருந்து இயங்கும் ஓர் இணையவழி ஓவியக்கூடத்தில் கைத்தொலைபேசியில் பார்த்து, வங்கியில் காசு கட்டி, கூரியரில் வரவழைத்தேன். விலை என் மாதச் சம்பளத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவு. வரைந்தவர் மட்டக்களப்பில் படிக்கும் ஒரு மாணவி. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். கல்லாற்றைத் தாண்டிப் போகும் பஸ் பயணம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம் மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குப் போய், அதைவிடக் கூடுதலான தூரம் திரும்பி வந்து என் கையில் சேர்ந்தது. இந்தச் சுற்றுவழிதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஓவியம் என்பது சஞ்சிகையின் அட்டையில் அறிமுகமான ஒன்று. எனக்கும் அப்படித்தான். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் விடுதியில் கைமாறிக் கைமாறி வந்த 'மூன்றாவது மனிதன்' இதழ்களில்தான் நவீன ஓவியம் என்ற ஒன்று இருப்பதையே கண்டேன். உள்ளே கவிதை, நேர்காணல், அரசியல் கட்டுரை; வெளியே ஒரு படம். படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். 'அட்டை ஓவியம்' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதன் அளவு என்ன, எண்ணெய் வர்ணமா நீர் வர்ணமா, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

றஷ்மியை எடுத்துக்கொள்வோம். அக்கரைப்பற்றுக்காரர். 2002இல் 'காவு கொள்ளப்பட்ட வாழ்வு முதலாய கவிதைகள்' வந்தபோது அதைப் பற்றி நாம் பேசினோம். 2005இல் 'ஆயிரம் கிராமங்களைத் தின்ற ஆடு' வந்தபோதும் பேசினோம். அவர் வரைந்த, வடிவமைத்த அட்டைகளோ ஈழத்துத் தமிழ்ப் புத்தக அலுமாரிகளில் வரிசையாக நிற்கின்றன. கவிஞர் றஷ்மியைப் பற்றி எழுதிய விமர்சகர்கள், ஓவியர் றஷ்மியின் கோட்டைப் பற்றியோ வர்ணத்தைப் பற்றியோ ஒரு முழுக் கட்டுரை எழுதியதாக நான் படித்த அளவில் நினைவில்லை. சோலைக்கிளியின் கவிதையில் படிமம் என்று நாம் எழுதித் தள்ளிய பக்கங்களைச் சேர்த்தால் ஒரு மூடை வரும். படிமம் என்ற சொல்லை இவ்வளவு நேசித்த ஒரு விமர்சனக் கூட்டம், கண்ணால் பார்க்கக்கூடிய படிமத்தின் முன்னால் வாயடைத்து நின்றதை எப்படி விளங்கிக்கொள்வது?

இணையவழி ஓவியக்கூடங்களை நான் ஒரு பிரதியாகவே வாசிக்கத் தொடங்கினேன். இலண்டனின் சாச்சி கலைக்கூடம் 2006இல் எந்த ஓவியரும் தன் படங்களைத் தானே ஏற்றலாம் என்று இணையத்தில் ஒரு வாசலைத் திறந்தது. பின்னர் அது கூடத்திலிருந்து பிரிந்து பெரிய விற்பனைத் தளமாயிற்று. இன்று அப்படிப் பல தளங்கள். அவற்றில் படம் தேடுகிற முறைதான் விசேடம். நிறம் எது, எத்தனை அங்குலம், எந்த விலைக்குள் என்று குறித்துவிட்டால் படங்கள் வந்து வரிசையில் நிற்கும். சோலைக்கிளியை நீல நிறம், மூன்றடி அகலம், ஐயாயிரம் ரூபாவுக்குள் என்று தேடுவதைப் போன்றது இது. வரவேற்பறைச் சுவரின் அளவுக்கு ஓவியம் வெட்டப்படுவதில்லை; ஆனால் ஓவியரின் தெரிவு அந்தச் சுவரை நோக்கி மெல்ல வளைகிறது. 'புதிய ஓவியர்களைக் கண்டுபிடியுங்கள்' என்று அழைப்பு விடுக்கும் தளங்களில் முதலில் கண்டுபிடிக்கப்படுவது வாங்குபவரின் சோபாவின் நிறம் என்று தோன்றுகிறது.

கொழும்பின் கூடங்களை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சஸ்கியா பெர்ணாண்டோ 2009இல் தொடங்கிய கூடத்தின் பக்கங்களில்தான் மட்டக்களப்பின் பாக்கியராஜா புஷ்பகாந்தனை நான் முதலில் பார்த்தேன். 1989இல் பிறந்தவர். என்னைவிட இளையவர், என் பக்கத்து நகரத்தவர். அவருடைய பெயர் நம் சஞ்சிகை எதனூடாகவும் எனக்கு வந்து சேரவில்லை. வேலி வேலியாகப் பேனையால் வரையும் யாழ்ப்பாணத்து ஜஸ்மின் நிலானி ஜோசப், தேயிலைச் சாயக் கறையையும் தேயிலைப் பைகளையுமே ஊடகமாக்கிய ஹற்றன் ஹனுஷா சோமசுந்தரம், துணியில் ஊசியும் நூலும் கொண்டு யுத்த நிலத்தைத் தைக்கும் வினோஜா தர்மலிங்கம் ஆகியோரையும் திரையில்தான் கண்டேன். எல்லோரும் தமிழ் பேசுபவர்கள். எல்லோரையும் எனக்கு அறிமுகம் செய்தது ஆங்கிலம்.

புஷ்பகாந்தனின் கோட்டோவியம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழை இழையாக, மடிப்பு மடிப்பாக விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஆங்கிலக் குறிப்பு. வன்முறை, நினைவு, உடல் என்றெல்லாம் எழுதியிருந்தது. அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தேன். உம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தா.

"இதென்ன மகன், பூவா புண்ணா?"

நான் படித்த குறிப்பு முழுவதையும் விட அந்த நாலு சொல் படத்துக்குள் ஆழமாகப் போனது. பூவென்று நெருங்கினால் புண். புண்ணென்று விலகினால் மறுபடி பூ. காணாமற்போனவர்களின் தாய்மார் தெருவில் நின்ற ஒரு மாகாணத்தில் இருந்துகொண்டு அந்த ஓவியர் நம் கண்ணை இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிறார். இதைத் தமிழில் எழுத வேண்டியவர்கள் நாம். எழுதாததனால் ஆங்கிலக் குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது வாங்குபவருக்காக எழுதப்பட்டது. அதில் பிழையில்லை, அதன் வேலை அதுதான்.

நான் வாங்கிய படத்துக்கு வருகிறேன். (வரைந்தவர் இன்னும் மாணவி என்பதால் பெயர் எழுதவில்லை.) திரையில் அது ஒரு வீட்டு வாசல். கதவு இல்லை, நிலை மட்டும் நிற்கிறது. கறுப்பு மை. கைத்தொலைபேசியில் பார்த்தபோது சுவரளவு பெரிய படம் என்றே மனம் எண்ணிக்கொண்டது. அளவு எழுதியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. பொதியைப் பிரித்தால் ஓர் அப்பியாசக் கொப்பியின் பக்கம் அளவுதான். ஏமாந்துபோனேன் என்றே அன்றிரவு நினைத்தேன்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு யன்னலோரம் வைத்துப் பார்த்தபோதுதான் வேறு படம் தெரிந்தது. நிலைக்கு இடப்பக்கத்தில் பென்சிலால் ஒரு கதவு வரையப்பட்டுப் பின் அழிக்கப்பட்டிருக்கிறது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் அந்தக் கோட்டின் பள்ளம் வெளிச்சத்தில் தெரியும். கதவில்லாத வீட்டை அவர் வரையவில்லை. இருந்த கதவை எடுத்திருக்கிறார். திரைக்கு அந்தப் பள்ளம் அகப்படவில்லை. அச்சிட்டால் அதற்கும் அகப்படாது. 'அசல்' என்ற சொல்லை விலையோடு மட்டும் சேர்த்துப் புரிந்துவைத்திருந்த எனக்கு அதன் பொருள் அன்று காலையில்தான் பிடிபட்டது.

காசு விடயத்தையும் பேச வேண்டும். இலக்கியக் கூட்டங்களில் நாம் அதைப் பேசுவதில்லை. சுவரும் கூரையுமுள்ள கூடங்கள் விற்ற விலையில் பாதியை எடுப்பது உலக வழக்கம். நான் சொன்ன சாச்சித் தளம் நூற்றுக்கு நாற்பது எடுக்கிறது. வாங்குபவரைத் தேடிக் கொடுப்பதற்கு அது கூலி. அதிகம் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் சஞ்சிகை அட்டைக்கு நாம் கொடுத்தது எத்தனை வீதம்? இரண்டு இலவசப் பிரதிகள். அதுவும் தபாலில் போய்ச் சேர்ந்தால். 2022இல் ரூபா சரிந்தபோது வர்ணமும் கன்வஸும் எட்டாத விலைக்குப் போயின. ஓவியருக்கு நன்றி மட்டும் சொல்லும் நம் வழக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கொழும்பில் 'கலா பொல' என்ற ஓவியச் சந்தை இருக்கிறது. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கியது. விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிய வீதியில் ஓவியர் தன் படங்களோடு தானே நிற்பார். விலையைப் பேசி வாங்கலாம். நான் ஒருமுறை இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை இறங்கிப் பார்த்தேன். அங்கே அசலும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், ஆனால் பேசுவதற்கு என்னிடம் சிங்களம் போதவில்லை. ஒரு கடற்படத்தின் முன்னால் நானும் அதை வரைந்தவரும் மாறி மாறிச் சிரித்துவிட்டுப் பிரிந்தோம். மொழி தடையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 2019 டிசம்பரில் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை நூதனசாலை படங்களின் குறிப்புகளைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைக்கிறது. அந்தத் தமிழில் சில வசனங்கள் கரடுமுரடுதான். என்றாலும் ஒரு படத்தின் முன் நின்று என் மொழியில் வாசித்த சந்தோசத்தை மறைக்க விரும்பவில்லை.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் எழுப்பும் ஆட்சேபம் எனக்குத் தெரியும்: நமக்கு உருவம் ஆகாது, ஆகவே ஓவியம் நமக்குரியதல்ல. உயிருள்ளவற்றை வரைவது பற்றிய மார்க்க விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்குத் தகுதியுடையவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆட்சேபிப்பவர்களின் வீடுகளில் சுவர் வெறுமையாக இல்லை. மினுக்கத் தாளில் அச்சடித்த கஃபாவும், பிளாஸ்ரிக் பிரேமுக்குள் ஆயத்துல் குர்ஸியும் தொங்குகின்றன. கையால் எழுதும் எழுத்தணிக் கலைஞர் ஒருவரிடம் அதை எழுதி வாங்கலாம் என்ற எண்ணம் வரவில்லை. ஆகவே தடுத்தது உருவம் மட்டுமல்ல. கையால் செய்ததற்கு விலை கொடுக்கும் பழக்கம் விட்டுப்போனதும்தான். மருதமுனைத் தறிச் சாறனுக்கும் பன்பாய்க்கும் பேர்போன கரையில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது வெட்கம்.

மேலும், முஸ்லிம் ஓவியர்கள் இந்தக் கேள்விக்கு வேறு வேறு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 1966இல் பிறந்து சிக்காகோவில் பயின்ற முஹன்னத் காதர் கடலையும் அடிவானையும் வரைகிறார். நாற்சதுரமாக அல்ல, ஒழுங்கற்ற வடிவில் வெட்டிய பலகையில். நிலக்காட்சி என்றால் சதுரப் பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பது யார் நமக்குக் கற்றுத்தந்த பார்வை என்று அந்தப் பலகை கேட்கிறது. கொம்பனித்தெருவின் விக்கி ஷாஜஹான் மருதோன்றிக் கையின் கோலத்தைத் தாளுக்கும் சுவருக்கும் கொண்டுவந்தவர். நம் வீட்டுப் பெண்கள் பெருநாள் இரவில் ஒருவர் கையில் ஒருவர் போடுகிற கலை அது. ஒரு வாரத்தில் அழிந்துபோகும் என்பதால் நாம் அதைக் கலை என்று எண்ணவில்லை. அதே தெருவின் ஃபிரி றஹ்மான் பறவைகளையும் விலங்குகளையும் நுணுக்கமான கோட்டில் வரைகிறார். 2018இல் தொடங்கிய 'நாங்கள் இங்கிருந்துதான்' என்ற கூட்டு முயற்சியில் இவ்விருவரும் இருந்தார்கள். வீடுகள் உடைக்கப்பட்டுக் கோபுரங்கள் எழும்பிய தங்கள் தெருவின் மனிதர்களையும் கதைகளையும் பதிவுசெய்தார்கள். இது இலக்கியத்தில் நடந்திருந்தால் நாம் ஒரு சிறப்பிதழ் போட்டிருப்போம்.

என் கூட்டாளி ஒருவன் கடைப் பெயர்ப்பலகை எழுதுபவன். டிஜிட்டல் பதாகை வந்து அவன் தொழிலைத் தின்னும் வரை கரையோரப் பட்டினங்களில் அவன் எழுத்து தொங்கியது. இரவில் ஹாட்போட்டில் எண்ணெய் வர்ணத்தால் தனக்கென்று படம் வரைவான். கரைவலை, தோணி, மழைக்கால வானம். இருபது முப்பது இருக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டோடு அவற்றைக் கொண்டுபோனது. அவன் குடும்பம் உயிர் தப்பியதால் படங்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. ஒரு படத்தையாவது நாங்கள் யாரும் காசு கொடுத்து வாங்கி, கடலுக்குத் தூரமான வேறு ஒரு வீட்டில் மாட்டியிருந்தால் அது இன்று இருந்திருக்கும். ஒரு புகைப்படம்கூட இல்லை. கவிதை என்றால் இருபது பேருக்கு மனப்பாடம் இருக்கும், நூலகம் தளத்தில் சஞ்சிகைப் பிரதி இருக்கும். ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை.

அவனிடம் என் கைத்தொலைபேசியைக் கொடுத்து இணையக்கூடங்களைக் காட்டினேன். விலைகளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு புஷ்பகாந்தனின் படத்தில் வெகுநேரம் நின்றான். "இந்தப் பொடியன் கையைத் தூக்காம கீறியிரிக்கான்" என்றான். அதை நான் கவனித்திருக்கவில்லை.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த இதழிலிருந்து அட்டை ஓவியத்தின் ஊடகத்தையும் அளவையும் வரைந்த ஆண்டையும் அச்சிடுங்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத யாரையாவது கேளுங்கள். யாரும் அகப்படாவிட்டால் பெயர்ப்பலகை எழுதுபவனைக் கேளுங்கள். ஓவியருக்குக் கொஞ்சமாவது காசு கொடுங்கள், சந்தாவைக் கூட்டினாலும் பரவாயில்லை. மட்டக்களப்பில் மாணவர்கள் அடுத்து எப்போது கண்காட்சி வைத்தாலும் நானும் அவனும் காலை பஸ்ஸில் போவதென்று பேசியிருக்கிறோம். இன்னும் இரண்டு பேர் வந்தால் வேன் பிடிக்கலாம்.