வினாவும் இறையும்: எழுத்து வினாக்களுக்கு நன்னூல் தரும் உரைகல்

தமிழில் விடைக்கு 'இறை' என்றொரு பெயர் உண்டு. குடிகள் செலுத்தும் வரியும் இறை. அதனைப் பெறும் அரசனும் இறை. 'இறுத்தல்' என்னும் வினை, கடன் செலுத்துதலையும் குறிக்கும். விடை கூறுதலையும் குறிக்கும். ஒரு சொல்லில் இத்தனை பொருளும் வந்து கூடியது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், குடிகளிடம் இறை பெற்ற அரசு, குடிகள் வினவும்போது இறை இறுக்கக் கடமைப்பட்டது என்னும் முறைமை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

அக்கடமையை அரசு எவ்வாறு ஆற்றுகின்றது என்பதை அளந்தறியத் தக்க இடம் பாராளுமன்றத்தின் எழுத்து வினாவாகும். உறுப்பினர் எழுதிக் கேட்கிறார். அமைச்சர் எழுதி விடை தருகிறார். மேடை முழக்கமோ மேசை தட்டலோ இங்கு இல்லை. நிற்பவை சொற்கள் மட்டுமே. சொற்கள் மட்டுமே நிற்கும் இடத்தில் தமிழாசிரியர்க்கு வேலை உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வினாவின் இடம்

மன்றத்தில் ஆட்சியாளரை வினவும் வழக்கம் இங்கிலாந்தில் வேர்கொண்டது. பிரபுக்கள் சபையில் 1721-ஆம் ஆண்டில் தென்கடல் கம்பெனியின் பொருளாளர் பற்றிக் கேட்கப்பட்டதே பதிவாகிய முதல் வினா என்பர். மலேசியாவில், மக்களவை முதன்முதலாகக் கூடிய 1959-ஆம் ஆண்டு தொட்டு இவ்வழக்கு நிலவி வருகின்றது. இன்றைய மக்களவையின் 222 இடங்களில் கெடாவுக்குரியவை 15. அலோர் ஸ்டாரில் கூடும் கெடாச் சட்டமன்றத்திற்கு 36 இடங்கள்.

வினா இருவகைப்படும். வாய்மொழி விடை வேண்டுவது ஒன்று. எழுத்து விடை வேண்டுவது மற்றொன்று. பின்னதை மலாய் வழக்கில் 'புக்கான் லிசான்', அதாவது வாய்மொழி அல்லாதது, என்று எதிர்மறையாற் சுட்டுவர். வாய்மொழி வினாவில் அமைச்சர் நழுவினால், துணைவினாத் தொடுத்து மடக்கலாம். எழுத்து வினாவில் அவ்வசதி இல்லை. அடுத்த கூட்டம் வரையில் காத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கெனத் தனியாற்றல் உண்டு. எண்ணும் பட்டியலும் ஊர்ப் பெயரும் அதில் இடம்பெறும். சென்ற ஆண்டின் விடையையும் இவ்வாண்டின் விடையையும் அருகருகே வைத்து நோக்கலாம்.

கெடாத் தோட்டத் தமிழர்க்கு இவ்வாய்ப்பு எளிதில் வாய்த்ததன்று. 1909-இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் பொறுப்புக்கு மாறிய கெடா, கூட்டு மலாய் மாநிலங்களில் சேரவில்லை. ஆதலின், 1920-களின் பிற்பகுதியில் எஸ். என். வீராசாமி கோலாலம்பூர்க் கூட்டரசு மன்றத்தில் அமர்ந்தபோதும், அம்மன்றத்தின் அதிகாரம் கெடாவுக்கு எட்டவில்லை. போருக்கு முன்னர், பால்மரம் சீவியவனின் கூலி பற்றிய வினா கடலுக்கு அப்பால் டில்லிச் சட்டசபையில்தான் எழுந்தது. சீனிவாச சாஸ்திரியார் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து, 1937-இல் அறிக்கை தந்தார். 1938-இல் உதவி பெற்று வரும் கூலிக் குடியேற்றம் நிறுத்தப்பட்டது. தன் குறையைத் தன் நாட்டு மன்றத்திலேயே தன் பிரதிநிதி வாயிலாக வினவும் உரிமை அதன் பின்னரே தோட்டத்தானுக்குக் கிட்டியது. அரிதிற் கிடைத்த உரிமையைச் செம்மையாகக் கையாள வேண்டாமா?

அறுவகை வினா

வினா விடைகளைப் பிழையின்றிக் காக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்த நெறி. பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். அப்பகுப்பு மன்றத்து வினாக்களுக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது.

அறியாத எண்ணிக்கையைக் கேட்பது அறியா வினா. தோட்டம் விற்கப்படுகின்றதா, இல்லையா, அதனுள் நிற்கும் பள்ளி என்னாகும் என்று கேட்பது ஐய வினா. மானியம் வேண்டிக் கேட்பது கொளல் வினா. "கூரையை மாற்ற அமைச்சுக்கு எண்ணமுண்டா?" என்று கேட்பது, மாற்றுக என்று பணிக்கும் ஏவல் வினா. இவை நான்கும் யாவரும் எளிதிற் காண்பன.

எஞ்சிய இரண்டுமே ஊன்றி நோக்கத் தக்கவை. அறிவினா என்பது விடை தெரிந்தே கேட்பது. வகுப்பறையில் ஆசிரியர் நாள்தோறும் கேட்பது இவ்வினாவே. தேர்ந்த உறுப்பினரும் இதனையே மிகுதியாகக் கையாள்வர். பள்ளிக்கு ஒதுக்கிய பணம் வந்து சேரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனை அமைச்சரின் வாக்காகவே பதிவு செய்வதே அவர் நோக்கம். கொடை வினாவோ இதன் மறுதலை. இலக்கணத்தில் அது பிறர்க்கு ஒன்றைக் கொடுக்கக் கேட்பது. மன்றத்தில் கொடுக்கப்படும் பொருள் புகழ். ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அமைச்சரின் சாதனைகளை விரித்துரைக்க இடந்தந்து கேட்கும் வினாக்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவற்றால் அமைச்சர்க்குக் குறைவில்லை. குடிகளுக்கு நிறைவும் இல்லை.

எண்வகை விடை

விடை எட்டனுள் சுட்டும் மறையும் நேரும் வெளிப்படையானவை. இன்னது, இல்லை, ஆம் என்று அவை நேராக நிற்கும். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. எழுத்து விடைகளை வாசித்துப் பழகியவர்க்கு இவ்வைந்தும் பழைய உறவினர் போலத் தோன்றும்.

"மாவட்டக் கல்வி அலுவலகத்தை அணுகுக" என்பது ஏவல் விடை. "இவ்வரசு இதுகாறும் இத்தனை செய்துள்ளது" என்பது உற்றது உரைத்தல். "பரிசீலனையில் உள்ளது", "உரிய காலத்தில் முடிவு செய்யப்படும்" என்பன உறுவது கூறல். கெடாப் பள்ளிகளைப் பற்றிக் கேட்க, நாடு முழுமைக்கும் ஒதுக்கிய மொத்தத் தொகையைக் கூறுவது இனமொழி. இவற்றுள் இனமொழியே மிக இடருடையது. அது பொய்யன்று, எண்ணும் தருகின்றது, கேட்டவர் வயிறு நிறைந்தது போன்ற தோற்றமும் தருகின்றது. கேட்ட பொருள் மட்டும் அதில் இராது.

ஈண்டு ஒரு தடை எழலாம். குறிப்பு விடை ஐந்தையும் நன்னூலார் விடையாக ஏற்றுக்கொண்டாரே, அமைச்சர் கூறும்போது மட்டும் அவற்றைக் குறையென்று கொள்வது எங்ஙனம் பொருந்தும் என்பது அத்தடை. நன்னூலார் அவற்றை ஏற்றது, கேட்போன் உட்பொருளை உணர்ந்துகொள்வான் என்பதனால். "சந்தைக்குப் போவாயா?" என்பார்க்கு "காலில் முள் தைத்தது" என்று ஒருவன் கூறின், போகான் என்பது சிறுவனுக்கும் விளங்கும். குறிப்பு விடை குறையாவது, குறிப்பை உணர்வார் இல்லாத இடத்தில்தான். "பரிசீலனையில் உள்ளது" என்பதற்கு "இன்னும் செய்யவில்லை" என்பதே பொருள் என்று வாசகர் உணர்ந்துவிட்டால், அவ்விடையும் மறை விடையாகிவிடும். ஆகவே இங்கு வேண்டப்படுவது அமைச்சரின் திருத்தம் மட்டும் அன்று. வாசகரின் பயிற்சியும் ஆகும்.

மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் கூறும் விடைவகை நான்கனுள் வாய்வாளாமையும் ஒன்று. மெய்ப்பொருள் ஆராய்ச்சியில் மௌனம் விடையாகலாம். குடிகளின் வரிப்பணம் பற்றிய வினாவுக்கு அஃது ஆகாது.

இரு சான்றுகள்

விடையின் வடிவம் ஆட்சியையே அசைத்த வரலாறு உண்டு. இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முந்திராவின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. அதனைப் பற்றி அவ்வாண்டில் மக்களவையில் வினா எழுந்தது. கிடைத்த விடை தெளிவாக இல்லை. தெளிவின்மையே ஐயத்தை வளர்த்தது. பிரோஸ் காந்தி டிசம்பர் 16-ஆம் நாள் அப்பொருளை விரிவாக எடுத்துப் பேசினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தொடக்கத்திலேயே செவ்விய விடை இறுத்திருப்பின், வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கவும் கூடும்.

மற்றொன்று இங்கிலாந்தினது. ஈரான், ஈராக் நாடுகளுக்குப் போர்க்கருவி விற்பதற்கான நெறிகளை 1985-ஆம் ஆண்டில் அரசு ஓர் எழுத்து விடையின் வாயிலாக மன்றத்துக்கு அறிவித்தது. 1988-இன் இறுதியில் அந்நெறிகள் உள்ளுக்குள் தளர்த்தப்பட்டன. உறுப்பினர்கள் வினவிய போதெல்லாம் பழைய நெறியே நிலவுவது போன்ற விடைகள் சென்றன. 1996-இல் நீதிபதி ஸ்காட் தந்த அறிக்கை, மன்றத்துக்குரிய பொறுப்பில் அமைச்சர்கள் தவறினர் என்று கண்டது. அதன் பின் 1997-இல், அமைச்சர்கள் மெய்யும் நிறைவுமான செய்தியைத் தர வேண்டும் என்று இரு சபைகளும் தீர்மானித்தன. எழுத்து விடை எழுத்தாகவே நின்றதனால் அன்றோ அன்றைய சொல்லையும் அன்றைய செயலையும் பின்னர் ஒப்பிட முடிந்தது!

குறை வினவுவோரிடத்தும் உண்டு

குறை முழுவதையும் அமைச்சர் மேல் ஏற்றுவது நடுநிலை ஆகாது. வினாவில் வாதமோ, கருத்தோ, எள்ளலோ கலத்தல் கூடாது என்பது மலேசிய மக்களவையின் நிலைவிதி. "தோட்டப் பள்ளிகளின் அவல நிலையை அரசு உணர்ந்துள்ளதா?" என்று கேட்டால், "உணர்ந்துள்ளது" என்னும் ஒரு சொல்லே விடைக்குப் போதும். வினா நெகிழின் விடையும் நெகிழும்.

கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டத்தில் தோன்றியவை. பகுதி உதவி பெறுபவை. பால்மரம் செம்பனைக்கு இடங்கொடுத்தது. சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கங்களில் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்து மக்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தனர். பள்ளிகள் சில பிள்ளைகளைப் பின்தொடர்ந்து இடம் மாறின. சில பிள்ளைகள் குறைந்த இடத்திலேயே நின்றன. இந்நிலையில் ஒரு பள்ளியின் வாழ்வு, நிலம், கட்டடம் என்னும் இரண்டைப் பற்றி நிற்கின்றது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் பொருள். நிலம் மாநிலத்தின் பொருள். இரண்டையும் ஒரே வினாவிற் கலந்து கோலாலம்பூரிற் கேட்டால், நிலம் மாநிலத்துக்குரியது என்ற விடை வரும். அலோர் ஸ்டாரிற் கேட்டால், பள்ளி கூட்டரசுக்குரியது என்ற விடை வரும். இரு விடையும் சட்டப்படி சரியானவை. பிள்ளையின் தலைமேல் மட்டும் மழை ஒழுகிக்கொண்டிருக்கும்.

ஆதலின் வினாவைப் பிரித்தல் வேண்டும். கல்வியமைச்சரிடம் கேட்கத் தக்கது இது: கெடாவிற் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் எவை? கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு, ஆண்டுவாரியாக? ஒதுக்கியது வேறு, செலவானது வேறு என்பதை மறந்த வினா பாதி வினாவே. மாநில ஆட்சிக் குழுவிடம் கேட்கத் தக்கது மற்றொன்று: அவற்றுள் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்பவை எவை? பள்ளியின் பெயருக்கு நிலப்பட்டா வேண்டி வந்த விண்ணப்பங்கள் எவை, எந்நாளில் வந்தவை, எந்நிலையில் உள்ளன? இவ்வினாக்களுக்கு இனமொழியால் விடை கூறுதல் அரிது. கூறினும், ஒளிக்க முயன்றது எல்லார்க்கும் புலப்படும்.

தொடர்ந்து கேட்டல்

வினா ஒன்றோடு முடிவது அன்று. இந்திய மக்களவையில் 1953 முதல் அரசின் உறுதிமொழிகளைக் கண்காணிக்கும் குழு இயங்கி வருகின்றது. ஆராயப்படும், பரிசீலனையில் உள்ளது என்பன போன்ற சொற்றொடர்களை அக்குழு வெறுஞ்சொற்களாகக் கொள்வதில்லை. உறுதிமொழிகளாகவே கொண்டு, மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்று நாட்குறித்துத் தொடர்கின்றது. உறுவது கூறலைக் கடன்பத்திரமாக மாற்றிய செயல் அது.

அத்தகைய குழுவை அமைப்பது மன்றத்தின் வேலை. ஆனால் விடையின் நாளைக் குறித்து வைக்கவும், அடுத்த கூட்டத்தில் அதே வினாவை அதே சொற்களாற் கேட்கச் செய்யவும் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் முடியும். பாடாங் செராய்த் தொகுதியை 2008 முதல் 2022 வரை இந்திய வம்சாவளியினர் மூவர் அடுத்தடுத்து மக்களவையில் பிரதிநிதித்தனர். உறுப்பினர் மாறலாம், கட்சி மாறலாம்; ஊரார் கையிலுள்ள குறிப்பேடு மாறாதிருந்தால் வினாவின் தொடர்ச்சி அறாது. எந்த அறையில் எத்தனை பிள்ளைகள், எந்நாளில் எந்த அலுவலகத்துக்கு எக்கடிதம் சென்றது, பட்டாவில் எவர் பெயர் என்பவற்றை ஊரார் எழுதித் தந்தால்தான் உறுப்பினரின் வினா அறிவினாவாகும். இன்றேல் அவர் அறியா வினாவையே ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் வினா விடை வகை கற்பிக்கப் புகும் ஆசிரியர், வழக்கமான எடுத்துக்காட்டுகளோடு ஓர் உண்மையான மன்ற விடையையும் கரும்பலகையில் எழுதலாம். "இஃது எவ்வகை விடை?" என்று கேட்கலாம். தோட்டத்துப் பிள்ளை ஒன்று எழுந்து "இனமொழி விடை, ஐயா, கேட்டதைச் சொல்லவில்லை" என்று கூறுமாயின், அன்று இலக்கணப் பாடம் நிறைவுற்றது. அப்பிள்ளை வாக்களிக்கும் வயதை எய்தும்போது, இறை இறுக்க வேண்டியவர் எவர் என்பதையும் அறிந்திருக்கும்.