விலையில்லா மடிக்கணினிக்கு நம் கையால் ஒரு லினக்ஸ்

தருமபுரி மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுப் பரணில் ஒரு மடிக்கணினி கிடைக்க வாய்ப்பு அதிகம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கிய பிள்ளை ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டது. கணினியில் இருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 கடைசி நாளாகிவிட்டது. ஆனால் அந்த மடிக்கணினியின் திரையும் கீபோர்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதே வீட்டில் இப்போது பதினோராம் வகுப்புப் படிக்கும் தங்கையோ தம்பியோ இருக்கிறார்கள்.

அவர்களுக்காக, பென் டிரைவில் இருந்து நேரடியாக ஓடும் ஒரு லினக்ஸை நம் தேவைக்கேற்ப மாற்றித் தயார் செய்ய முடியுமா என்று பார்க்க ஆன்டிஎக்ஸ் 23ஐ எடுத்துக்கொண்டேன். சோதித்தது நல்லம்பள்ளி பக்கம் உறவினர் வீட்டில் கிடந்த ஒரு 2 ஜிபி கணினியில். பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது, சார்ஜர் இருந்தால்தான் உயிர். முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கெங்கே இடறுகிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

லைவ் சிடி என்பது பழைய உத்தி. முழு இயங்குதளத்தையும் ஒரே கோப்பாகச் சுருக்கி ஒரு வட்டில் வைத்துவிடுவார்கள். கணினி அந்த வட்டில் இருந்தே கிளம்பும், மாற்றங்களை ரேமில் வைத்துக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இதைப் பரவலாக்கியது. 700 எம்பி வட்டுக்குள் அதைவிடப் பெரிய இயங்குதளத்தை அடக்கிக் காட்டினார். டேம் ஸ்மால் லினக்ஸ் 50 எம்பிக்குள் ஒரு டெஸ்க்டாப்பையே கொடுத்தது. இணையம் ஆமை வேகத்தில் இருந்த காலத்தில் 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோடு வரும் வட்டுதான் நம் ஊர்ப் பக்கத்து ஆர்வலர்களுக்கு வழி. இன்று வட்டு போய் பென் டிரைவ் வந்துவிட்டாலும் உள்ளே நடப்பது அதேதான்.

இலகுவான லினக்ஸ்களில் பப்பியும் நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் ரூட் பயனராகவே ஓடவிடும் அதன் பழக்கம் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எனக்குச் சம்மதமில்லை. சி-டாக் தயாரிக்கும் பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளை மனத்தில் வைத்துச் செய்தது. மதிக்க வேண்டிய வேலை, ஆனால் 2 ஜிபி கணினிக்கு அதன் டெஸ்க்டாப் பாரம். ஆன்டிஎக்ஸ் கிரேக்க நாட்டில் தொடங்கிய திட்டம். டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்டது, சிஸ்டம்டி இல்லாதது. ஐஸ்டபிள்யூஎம் டெஸ்க்டாப் முழுசாக வந்து நின்றபோதும் ரேமில் சுமார் 250 எம்பிக்குள்தான் எடுத்துக்கொண்டது. 2024இல் மறுபடி உயிர்பெற்ற டேம் ஸ்மால் லினக்ஸே ஆன்டிஎக்ஸின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

32 பிட், 64 பிட் இரண்டும் கிடைக்கின்றன. செயலி 64 பிட் என்றால் யோசிக்காமல் 64 பிட்டை எடுங்கள். டெபியன் 13 பழைய 32 பிட் கணினிகளில் நிறுவும் வழியையே கைவிட்டுவிட்டது, லினக்ஸில் 32 பிட் ஃபயர்ஃபாக்ஸும் விடைபெறுகிறது.

நான் ஆன்டிஎக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் ரேம் கணக்கு அல்ல, அதோடு வரும் ரீமாஸ்டர் கருவி. மற்ற இடங்களில் லைவ் இமேஜை மாற்ற வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவைப் பிரித்து, ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை விரித்து, உள்ளே புகுந்து நிறுவி, மறுபடி சுருக்கிக் கட்ட வேண்டும். இங்கே பென் டிரைவில் இருந்து கணினியைக் கிளப்புகிறோம், வேண்டியதை நிறுவுகிறோம், வேண்டாததை நீக்குகிறோம், லைவ்-ரீமாஸ்டரை ஓட்டுகிறோம். அது 'லினக்ஸ்எஃப்எஸ்' என்ற சுருக்கப்பட்ட கோப்பைப் புதிதாக உருவாக்கிப் பழையதன் பக்கத்தில் வைக்கிறது. அடுத்த முறை கிளம்பும்போது புதியது பயன்பாட்டுக்கு வந்துவிடும், பழையது அழியாமல் ஓரமாக நிற்கும். புதியது சரியில்லை என்றால் பூட் மெனுவில் பழையதற்குத் திரும்பிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதைத் தைரியமாகப் பழகும் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மாற்றங்களைச் சேமிக்க பூட் மெனுவில் பெர்சிஸ்டன்ஸ் என்ற தேர்வு உண்டு. அதில் ஒரு வகை, மாற்றங்களை ரேமில் வைத்திருந்து அணைக்கும்போது டிரைவில் எழுதும். இன்னொன்று ஸ்டாடிக், அப்போதைக்கு அப்போதே டிரைவில் எழுதிவிடும். 2 ஜிபி கணினியில் ஸ்டாடிக்கைத்தான் தேர்வு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நான்கு மென்பொருள் நிறுவுவதற்குள் ரேம் நிரம்பிவிடும். மொத்த இமேஜையும் ரேமில் ஏற்றி ஓட்டும் 'டுரேம்' வசதி 4 ஜிபி கணினியில் பறக்கிறது. 2 ஜிபியில் முயற்சியே வேண்டாம்.

இனி தமிழ். எழுத்துருவுக்கு லோகித் தமிழும் நோட்டோவும் போதும். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் வந்துவிடும். ஆனால் நிறுவியதும் தானாக வேலை செய்துவிடாது. உபுண்டு போன்ற பெரிய டெஸ்க்டாப்கள் கவனித்துக்கொள்ளும் வேலையை இங்கே நாமே செய்ய வேண்டும். இம்-கான்ஃபிக் மூலம் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப் கிளம்பும்போது ஓடும் கோப்பில் ஐபஸுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். அதன்பின் லிப்ரே ஆஃபீஸிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழ்99 தடையில்லாமல் ஓடுகிறது.

மெனுக்களையும் தமிழாக்கிவிடலாம் என்ற ஆசையில் தமிழ் லோகேலையும் உருவாக்கிப் பார்த்தேன். பயன்பாட்டு மென்பொருள்களுக்குள் தமிழ் அழகாக வருகிறது. ஆனால் இதோடு வரும் ஃப்ளக்ஸ்பாக்ஸ் மாதிரியான சிறிய சாளர மேலாளர்கள் எழுத்தைக் கோத்து வரைவதில்லை, வந்த வரிசையில் அப்படியே அடுக்குகின்றன. 'தெ' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. தமிழ் எழுத்தைப் பழகும் தம்பி தங்கைகள் கண்ணில் இது படவே கூடாது. அதனால் மெனு ஆங்கிலத்தில், தட்டச்சும் வாசிப்பும் தமிழில் என்று வைத்துக்கொண்டேன். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கலந்து நிற்கும் மெனுவைவிட இது தெளிவாக இருக்கிறது.

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ இருக்கிறது, பன்னிரண்டில் பைதான். உபுண்டு லினக்ஸ் பற்றிய பாடமே பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் உண்டு. ஜி++ கம்பைலர், பைதானின் ஐடில், ஜீனி எடிட்டர், எஸ்க்யூலைட் ஆகியவற்றைச் சேர்த்தால் பாடத்திட்டத்தின் செய்முறைகளில் பெரும்பகுதியை இதிலேயே செய்து பார்க்கலாம். எல்லாம் சேர்த்தும் இடம் பெரிதாக ஏறவில்லை. பாடநூல்களின் பிடிஎஃப்களை இமேஜுக்குள் திணிக்காமல் பென் டிரைவிலேயே தனிக் கோப்புறையில் வைத்தேன். சித்தேரி மலைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் ஊர்களில், தரவிறக்கம் இல்லாமல் புத்தகம் கையில் இருப்பதுதான் பெரிய உதவி. ஏற்கெனவே சுருங்கியிருக்கும் பிடிஎஃப்பை இமேஜுக்குள் வைத்தாலும் மேற்கொண்டு சுருங்காது. புத்தகம் மாறும்போது இமேஜையே மறுபடி கட்டவும் நேரும்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது கடிகாரம். பத்து வருடத்துக்கு மேலான மடிக்கணினிகளில் மதர்போர்டின் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரிய பேட்டரியும் போன கணினியில் சார்ஜரைப் பிடுங்கியதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் ஓடிவிடுகிறது. உடனே ஃபயர்ஃபாக்ஸ் எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் 'இன்னும் தொடங்காத' தேதியில் இருப்பதாக அதற்குத் தோன்றுவதுதான் காரணம். வீட்டில் இருப்பவர்கள் நெட் வேலை செய்யவில்லை, கணினி போய்விட்டது என்று மூடி வைத்துவிடுவார்கள். ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற சின்ன மென்பொருளை இமேஜில் சேர்த்தேன். கணினியின் தேதி எவ்வளவு பின்னால் போயிருந்தாலும், கடைசியாகச் சேமித்த தேதிக்காவது அது கொண்டுவந்து நிறுத்தும். இணையம் கிடைத்ததும் நேரத்தைச் சரியாகப் பெற்றுக்கொள்ள க்ரோனியையும் சேர்த்தேன். பழைய கணினிக்கு இமேஜ் கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சேர்ப்பு இங்குள்ள தேவைக்கானது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமா, கல்லூரிச் சேர்க்கையா, எதுவானாலும் படமும் கையெழுத்தும் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு இருக்கும். படத்தைச் சுருக்குவதற்காகவே பிரவுசிங் சென்டரில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இமேஜ்மேஜிக்கில் ஜேபெக் கோப்பின் உச்ச அளவைச் சொல்லிவிட்டால் தரத்தை அதுவே குறைத்துக்கொண்டு வந்து சேரும். அதைக் கொண்டு சில வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, டெஸ்க்டாப்பில் 'படம் சுருக்கு' என்று பெயர் வைத்தேன். மொத்த வேலையிலும் வீட்டாருக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான்.

பென்னாகரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இந்த டிரைவைச் செருகிப் பார்க்க அனுமதி கேட்டபோது, கடைக்காரத் தம்பி கேட்ட ஒரே கேள்வி, "ஹார்ட் டிஸ்க்குல கை வைக்காதுல்ல சார்?" நாமாகப் போய் அந்த டிஸ்க்கைத் திறந்து எழுதினால் தவிர வைக்காது. அவர் கணினியில் கிளம்பி, வேலையை முடித்து, டிரைவைப் பிடுங்கிய பின் அவருடைய விண்டோஸ் அப்படியே வந்தது. சொந்தக் கணினி இல்லாத மாணவருக்கும் இது உதவும் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். பொதுக் கணினியின் பிரவுசரில் தன் பாஸ்வேர்டை விட்டுவிட்டு வரும் ஆபத்து இதில் இல்லை. அண்மைக்காலக் கணினிகளில் செக்யூர் பூட் குறுக்கே நிற்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

உங்களுக்கு மட்டும் என்றால் ரீமாஸ்டர் போதும். பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ-ஸ்னாப்ஷாட் என்ற கருவியில் புதிய ஐஎஸ்ஓ எடுக்க வேண்டும். அப்போது பயனர் கணக்குகளை மீட்டமைக்கும் தேர்வை எடுப்பது கட்டாயம். இல்லையென்றால் உங்கள் பிரவுசர் வரலாறு முதற்கொண்டு எல்லாம் பத்து வீட்டுக்குப் போய்ச் சேரும். மீட்டமைத்தால் பயனரின் கோப்புறை புதிதாக உருவாகும். ஐபஸ் வரி, டெஸ்க்டாப் படவுருக்கள் போன்ற நம் அமைப்புகளை முன்கூட்டியே இடிசி-ஸ்கெல் கோப்புறையில் போட்டு வைத்தால்தான் அவை புதிய பயனருக்கும் கிடைக்கும். வைஃபை பாஸ்வேர்டுகள் வீட்டுக் கோப்புறையில் இல்லை, வைஃபை இணைப்பைக் கவனிக்கும் கான்மேன் மென்பொருளின் கோப்புறையில் இருக்கின்றன. அதை நீங்களே பார்த்து அழித்துவிடுங்கள். கூடவே வரும் 'டெமோ', 'ரூட்' பாஸ்வேர்டுகள் உலகத்துக்கே தெரிந்தவை, அவற்றையும் மாற்றுங்கள்.

சுருக்கும் முறையையும் தேர்ந்தெடுக்கலாம். எக்ஸ்இசட் இடத்தை மிச்சப்படுத்துகிறது, ஆனால் ஒவ்வொரு முறை விரிப்பதற்கும் பழைய செயலியைப் பிழிகிறது. இசட்எஸ்டிடியில் கோப்பு கொஞ்சம் பெரிதாகிறது, லிப்ரே ஆஃபீஸ் திறக்கும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடுகிறது. பென் டிரைவில் இடம் இருக்கிறபோது எக்ஸ்இசட்டுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. இந்தக் கட்டும் வேலையை மட்டும் 2 ஜிபி கணினியில் செய்யாதீர்கள். கொஞ்சம் நல்ல கணினியில் செய்தால் நேரமும் பொறுமையும் மிஞ்சும்.

குறைகள் இருக்கின்றன. ஆன்டிஎக்ஸின் மெனு நெரிசலானது. ஒரே வேலைக்கு மூன்று கருவிகள், எதை எடுப்பது என்று புதியவருக்கு விளங்காது. நான் பாதிக்கு மேல் மறைத்துவிட்டேன். ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு மூன்று டேப்களுக்கு மேல் திறந்தால் 2 ஜிபி திணறுகிறது. இணையப் பக்கங்களே கனத்துவிட்ட காலத்தில் எந்த லினக்ஸும் இதை மாற்றிவிட முடியாது. வைஃபை சில மாடல்களில் உடனே பிடிக்கும், சிலவற்றில் டிரைவர் தேட வேண்டிவரும். போனை யூஎஸ்பியில் செருகி நெட் பகிர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய வினாத்தாள்கள் இங்கே வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ஓபன்-தமிழ் என்ற பைதான் நூலகம் இப்படிப்பட்ட பல குறியீடுகளை யூனிகோடாக மாற்றித் தரும். அடுத்த இமேஜில் அதையும், வேர்டு கோப்பை நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஒரு சின்னச் சாளரத்தோடு சேர்க்கும் எண்ணம் இருக்கிறது. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல புராஜெக்ட் ஆகும். செய்து முடித்தால் மாவட்டத்தின் எந்தப் பள்ளியிலும் மறுநாளே பயன்படும்.

டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அதுவரை சில மாதங்களுக்கு ஒருமுறை பென் டிரைவில் அப்டேட் செய்து ஒரு ரீமாஸ்டர் ஓட்டினால் போதும். பழைய லினக்ஸ்எஃப்எஸ் கோப்பை அழித்து இடத்தைக் காலி செய்த பிறகு தொடங்குங்கள், 16 ஜிபி டிரைவே தாராளமாகப் போதும்.