நூற்றுக்கு நாற்பது: கடல் கடந்த பெண்களும் தமிழ்ப் புனைகதையும்

ஃபிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்ப வெள்ளை அரசு ஒரு விதி வைத்திருந்தது: நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது வேண்டும். கணக்கை நிரப்ப, ஆள்பிடிப்பவர்கள் ஆதரவற்ற பெண்களைத் தேடி அலைந்தார்கள். கப்பல் ஏறும்முன் அவர்களைத் தங்கவைத்த டிப்போவிலேயே பலருக்கு ஜோடி சேர்த்துவிட்டார்கள். பிரான்ஸ் மன்னர் 14-ஆம் லூயியும் 1663 முதல் 1673 வரை சுமார் 800 பெண்களைக் கனடாவுக்கு மணப்பெண்களாக அனுப்பினார். அவர்களில் பலருக்குச் சீதனம் கிடைத்தது. நம் பெண்களுக்குக் கிடைத்தது ஐந்தாண்டு ஒப்பந்தம்.

நெய்வேலி வாசகருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. தென்னாற்காட்டு ஊர்களிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆட்கள் போனார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் ரியூனியன் தீவுக்குக் கூலிகளை ஏற்றிவிட்ட துறைமுகங்கள்.

இந்தப் பெண்களைத் தமிழ் எழுத்து மூன்று வழிகளில் அணுகியிருக்கிறது.

முதலாவது, கண்ணீர் வழி. பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' அதன் ஊற்று. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' (1935) ஒரு படி மேலே போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதி படும் பாட்டின் வேர், அவள் விட்டுவந்த திருநெல்வேலிச் சீமையிலேயே இருப்பதை அது காட்டியது.

இரண்டாவது, தோட்ட நாவல். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) மலையகத்தையும், அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' மலேசிய ரப்பர் தோட்டத்தையும் களமாகக் கொண்டவை. தொழிலாளர் வரிசை வீடான லயமும், ஆட்களை மேய்க்கும் கங்காணியும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் இங்கே அன்றாட வாழ்க்கையாகின்றன.

மூன்றாவது, துறைமுக நாவல். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' சுமத்ராவின் மெடானையும் மலேசியாவின் பினாங்கையும் கண்முன் நிறுத்துகிறது. ஆனால் அது ஆண்களின் உலகம். கடல் கடந்த பெண்ணைத் தேடினால் புதுச்சேரிக்குத் திரும்ப வேண்டும்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து பிரபஞ்சன் எழுப்பிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களின் காலத்தில்தான் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி ழான் வாழ்ந்தார். புதுச்சேரியில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த அவர், கணவருடன் பிரான்சுக்குப் போய் 1756-இல் பாரிஸில் இறந்தார். அந்தக் கடைசி ஆண்டுகளில் இன்னொரு நாவலுக்கு இடமிருக்கிறது.

இனி எழுதப்படும் நாவலை எதைக் கொண்டு அளப்பது? அதன் நாயகி ஏன் கப்பல் ஏறினாள் என்று அது சொல்ல வேண்டும்: தாது வருடப் பஞ்சமா, கைம்மையா, சாதிக் கொடுமையா, கங்காணியின் பொய்யா? ஆவணத்துக்கும் அது நேர்மையாக இருக்க வேண்டும். நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, தந்தை பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. மொரீஷியஸ் ஆவணங்கள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, கரை இறங்கியபின் அவள் எடுத்த முடிவுகள் வேண்டும். ஃபிஜியில் மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்த குந்தியின் கதை, கல்கத்தாவின் 'பாரத் மித்ரா' இதழில் வெளிவந்து ஒப்பந்த முறைக்கு எதிரான கிளர்ச்சிக்கு வலுச் சேர்த்தது. அழுதவளை நம் எழுத்து நிறையப் பார்த்துவிட்டது. எதிர்த்தவளை இன்னும் போதுமான அளவு பார்க்கவில்லை.

என்.எல்.சி. நடத்தும் புத்தகக் கண்காட்சியில் இந்த நூல்களையெல்லாம் ஒரே அடுக்கில் வைக்கலாம். கடலூர், புதுச்சேரிப் பகுதியின் இளம் எழுத்தாளர்கள் அவற்றை வாசித்துவிட்டு, தம் ஊர்ப் பெயர் இருக்கும் கப்பல் பட்டியலைத் தேடிப் புறப்படட்டும்.